7 அங்குல எல்சிடி பேனலில் வீட்டு வீடியோ புரொஜெக்டர்: முழுமையான வழிகாட்டி

ஷூ பெட்டிக்குள் மொபைலை வைத்து, முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டினால் புரொஜெக்டர் ஆகிவிடும் என்று காட்டும் வீடியோக்களை முதலில் மறந்துவிடுங்கள். மொபைல் திரை முழுப் பிரகாசத்தில் தரும் மொத்த வெளிச்சமே 15 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான். அதிலும் ஒரு சிறிய லென்ஸ் பிடிப்பது நூற்றில் இரண்டு மூன்று பங்கு. சுவருக்கு அரை லூமன்கூடத் தேறாது.

வேலைக்கு ஆகிற முறை வேறு. ஒரு எல்சிடி பேனலின் பின்வெளிச்சத்தைக் கழற்றிவிட்டு, அதன் கண்ணாடி வழியாக வலுவான எல்இடி வெளிச்சத்தைச் செலுத்தி, லென்ஸால் சுவரில் விழ வைப்பது. இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: பிளைவுட்டை முதலில் அறுத்துப் பெட்டி செய்துவிடுகிறார்கள். பிறகு லென்ஸ் 2 செ.மீ. முன்னே போக வேண்டும் என்று தெரிய வரும்போது பெட்டியில் இடம் இருக்காது. இங்கே வரிசை தலைகீழ். லென்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கு, திறந்த பலகையில் படம், அதற்கப்புறம்தான் பெட்டி.

1. திரை எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரத்தில்?

பொருள் வாங்குவதற்கு முன் அறையில் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். லென்ஸின் குவியத்தூரமும் (தூரத்துப் பொருளின் படம் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளித் தெளிவாக விழுகிறது என்ற அளவு) பேனல் அளவும் சேர்ந்துதான் தூரத்தை முடிவு செய்கின்றன; இதை வாங்கிய பின் மாற்ற முடியாது.

கணக்கு எளிது. திரையின் மூலைவிட்டத்தைப் பேனலின் மூலைவிட்டத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். அதோடு ஒன்றைக் கூட்டிக் குவியத்தூரத்தால் பெருக்கினால், லென்ஸிலிருந்து சுவருக்கு உள்ள தூரம். அந்தத் தூரத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், லென்ஸிலிருந்து பேனலுக்கு உள்ள தூரம்.

7 அங்குல பேனல், 200 மிமீ குவியத்தூர லென்ஸ் என்று வைத்தால் வருவது இது:

40 அங்குலத் திரை: சுவருக்கு 1.34 மீட்டர், பேனலுக்கு 235 மிமீ
60 அங்குலம்: 1.91 மீட்டர், 223 மிமீ
80 அங்குலம்: 2.49 மீட்டர், 218 மிமீ
100 அங்குலம்: 3.06 மீட்டர், 214 மிமீ

கடைசி எண்களைக் கவனியுங்கள். 40 அங்குலத்திலிருந்து 100 அங்குலம் வரை போக லென்ஸ் நகர வேண்டியது வெறும் 21 மிமீ. ஃபோகஸ் குழாய்க்கு 40 மிமீ ஓட்டம் கொடுத்தால் தாராளம்.

பிரகாசத்தில் ஆசையை அடக்குங்கள். வண்ண எல்சிடி பேனல் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 5 சதவீதத்தைத்தான் மறுபக்கம் விடும். மீதியை போலரைசரும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்) வண்ண வடிகட்டியும் விழுங்கிவிடும். கீழே சொல்லும் அமைப்பில் திரைக்கு வந்து சேர்வது 100 லூமனுக்குக் கீழேதான். இருட்டறையில் 60 அங்குலத்துக்கு இது நன்றாக இருக்கும், 80-க்கு ஓரளவு பரவாயில்லை. 100 அங்குலத்தில் திரையின் பரப்பு 60 அங்குலத்தைப் போல 2.8 மடங்கு என்பதால் படம் மங்கித்தான் தெரியும். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்க்க நினைப்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

2. என்னென்ன வாங்க வேண்டும்

பேனல்: 7 அங்குலம், 1024 × 600 அல்லது கிடைத்தால் 1280 × 800, எச்டிஎம்ஐ டிரைவர் போர்டுடன் (படச் சிக்னலைப் பேனலுக்குத் தரும் சர்க்யூட்). விளம்பரத்தில் "1080பி" என்று போட்டிருப்பது பெரும்பாலும் போர்டு ஏற்றுக்கொள்ளும் சிக்னலைத்தான் குறிக்கும், பேனலின் புள்ளிகளை அல்ல. "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்ன என்று கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமானது, பேனலின் பின்புறம் மடித்து ஒட்டியிருக்கும் சிறிய சர்க்யூட் போர்டு. அதை விரித்துக் கண்ணாடிக்கு வெளியே தள்ளும் அளவுக்கு ரிப்பன் (கண்ணாடியோடு அதை இணைக்கும் தட்டையான வயர்) நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படத்தின் அடியில் நிரந்தரமாக ஒரு கறுப்புப் பட்டை நிற்கும். தொடுதிரை உள்ள மாடல் வேண்டாம்; அதுவும் ஒரு கண்ணாடி, அதுவும் கழற்ற வேண்டிய வேலை.

புரொஜெக்ஷன் லென்ஸ்: 200 மிமீ குவியத்தூரம், சுமார் 80 மிமீ விட்டம், மூன்று கண்ணாடி கொண்ட டிரிப்ளெட். காசு மிச்சம் பிடிக்க ஒற்றைப் பூதக்கண்ணாடி போட்டால் நடுவில் மட்டும் தெளிவு வரும். ஓரமெல்லாம் வானவில் விளிம்போடு மசங்கும். பள்ளி, கல்லூரிகள் கழித்துப்போடும் ஓவர்ஹெட் புரொஜெக்டரின் லென்ஸ் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதன் குவியத்தூரம் 300 மிமீ வாக்கில் இருக்கும் என்பதால் மேலே உள்ள கணக்கைத் திரும்பப் போட வேண்டும்: 60 அங்குலத்துக்கு 2.87 மீட்டர்.

ஃபிரெனல் லென்ஸ் (வட்ட வட்ட வரிப்பள்ளங்கள் கொண்ட தட்டை லென்ஸ்) இரண்டு: பின்பக்கத்துக்கு 120 மிமீ குவியத்தூரம், முன்பக்கத்துக்கு 220 மிமீ. அளவு குறைந்தது 165 × 100 மிமீ, அக்ரிலிக். புத்தகம் படிக்க விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் உருப்பெருக்கித் தாளை வாங்காதீர்கள். அதன் வரிப்பள்ளங்கள் தடிமன், படத்தில் வட்டம் வட்டமாகத் தெரியும். சூட்டில் வளையவும் செய்யும்.

வெளிச்சம்: 100 வாட் வெள்ளை காப் எல்இடி (பல சிப்புகள் ஒரே தட்டில் அமைந்தது, 30 முதல் 36 வோல்ட்), அதன்மேல் உட்காரும் 44 மிமீ கண்ணாடி லென்ஸ், ரிஃப்ளெக்டர், பிராக்கெட். இவை மூன்றும் ஒரே செட்டாகவே விற்கும். எல்இடியின் வெளிச்சம் 120 டிகிரிக்கு விரிந்து சிதறும். இந்த லென்ஸ் இல்லாமல் அதில் பெரும்பகுதி பேனலைத் தொடாமலே போய்விடும்.

குளிர்விப்பு: 95 வாட் அல்லது அதற்கு மேல் தாங்கும் பழைய கம்ப்யூட்டர் சிபியு கூலர், தெர்மல் பேஸ்ட், 80 மிமீ ஃபேன் ஒன்று தனியாக, 70 டிகிரியில் துண்டிக்கும் கேஎஸ்டி301 வெப்ப சுவிட்ச்.

மின்சாரம்: 19 வோல்ட் 90 வாட் லேப்டாப் அடாப்டர், கரண்ட் கட்டுப்பாடு உள்ள பூஸ்ட் மாட்யூல் (வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் சர்க்யூட்), 5 ஆம்ப் ஃபியூஸ், பேனலுக்கும் ஃபேன்களுக்கும் 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர். 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் எல்இடி டிரைவரும் உண்டு. ஆனால் மரப்பெட்டி, உலோக ஹீட் சிங்க் (கூலரின் வெப்பம் கடத்தும் பகுதி), கைக்குப் பழகாத வயரிங் மூன்றும் சேரும் இடத்தில் மெயின்ஸை உள்ளே விடாமல் இருப்பது நல்லது. அடாப்டர் வெளியே இருக்கட்டும்.

சென்னை ரிச்சி தெரு மாதிரியான சந்தைகளில் எல்இடி, மாட்யூல், பழைய கூலர் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். ஃபிரெனலும் டிரிப்ளெட்டும் பெரும்பாலும் ஆன்லைனில்தான். இவை வர நாளாகும் என்பதால் முதலில் ஆர்டர் போட வேண்டியவை இவையே.

லென்ஸ் கையில் வந்ததும் குவியத்தூரத்தைச் சரிபாருங்கள். தூரத்துக் கட்டடத்தை வெள்ளைத் தாளில் தெளிவாக விழவைத்து, லென்ஸின் நடுவிலிருந்து தாளுக்கு ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். சூரியனை வைத்து அளக்காதீர்கள். ஃபிரெனலை வெயில் படும் ஜன்னலோரம் வைத்துவிட்டும் போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

3. எல்இடியை ஹீட் சிங்கில் பொருத்துதல்

எல்இடியின் செம்பு அடித்தட்டு சுமார் 40 × 50 மிமீ. சிபியு கூலரின் தொடுபரப்பு பல மாடல்களில் 30 மிமீ வட்டம்தான். நேராக வைத்தால் ஓரங்கள் அந்தரத்தில் நிற்கும், அங்கிருக்கும் சிப்புகள் முதலில் எரியும். நடுவில் 4 அல்லது 5 மிமீ தடிமனுள்ள அலுமினியத் தட்டு ஒன்றைக் கொடுங்கள். தட்டு சமமாக இருக்கிறதா என்பதை ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்து, மேடு இருந்தால் கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்க்க வேண்டும்.

தெர்மல் பேஸ்ட் இரண்டு உலோகத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்க மட்டும். தோசைக்கு எண்ணெய் தடவுவதுபோல் மெல்லியதாகப் போதும். கெட்டியாக அப்பினால் பேஸ்ட்டே வெப்பத்துக்குத் தடையாகிவிடும். நான்கு எம்3 திருகுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் செம்புத் தட்டு வளைந்து நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும்.

வெப்ப சுவிட்ச்சை எல்இடிக்கு ஒட்டி, அதே தட்டில் திருகுங்கள். ஃபேன் நின்றுபோனால் காப்பாற்றப்போவது இது மட்டும்தான்.

4. கரண்ட்டை அமைத்தல்

எல்இடிக்கு வோல்ட்டேஜை மட்டும் கட்டுப்படுத்திக் கொடுத்தால் போதாது. சூடாக ஆக அதற்குத் தேவையான வோல்ட்டேஜ் குறையும், அதனால் கரண்ட் ஏறும், அதனால் இன்னும் சூடாகும். இப்படியே போய் எரியும். கரண்ட்டைப் பிடித்து வைக்கும் மாட்யூல் கேட்பது இதற்காகத்தான்.

இணைக்கும் வரிசை: அடாப்டர், ஃபியூஸ், வெப்ப சுவிட்ச், பூஸ்ட் மாட்யூல், எல்இடி.

எல்இடியை இணைக்காமல் மாட்யூலுக்கு மின்சாரம் கொடுத்து, வெளியீட்டை 35 வோல்ட்டுக்கு வையுங்கள். கரண்ட் திருகை முழுக்கக் குறைவுப் பக்கம் திருப்புங்கள். மின்சாரத்தை நிறுத்தி, மாட்யூலின் கப்பாசிட்டர் வடியும்வரை மல்டிமீட்டரில் பார்த்துக் காத்திருங்கள். அதற்கப்புறம் எல்இடியையும், 10 ஆம்ப் அளவில் வைத்த மல்டிமீட்டரையும் தொடர் இணைப்பில் போட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் எல்இடியையும் மாட்யூலையும் கொல்லும். ஒன்று, மின்சாரம் ஓடும்போதே எல்இடி வயரைத் தொடுவிப்பது. கப்பாசிட்டரில் நிறைந்திருக்கும் 35 வோல்ட்டும் ஒரே அடியாக எல்இடியில் இறங்கும். இரண்டாவது, பக் மாட்யூலில் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) செய்து பழகியவர்கள் செய்வது: வெளியீட்டை மல்டிமீட்டரால் ஷார்ட் செய்து கரண்ட் அளவை அமைக்கப் பார்ப்பார்கள். பூஸ்ட் மாட்யூலில் உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு நேரடிப் பாதை எப்போதும் திறந்திருக்கும்; ஷார்ட் ஆனால் அதனால் கரண்ட்டைத் தடுக்க முடியாது. ஃபியூஸ் போட்டிருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் மாட்யூல் போகும்.

சோதனை முழுவதும் 0.3 ஆம்ப் போதும். அதுவே கண்ணைக் கூசும், எல்இடியை நேரே பார்க்கக் கூடாது. இறுதியில் வைக்க வேண்டியது 2 ஆம்ப், அதாவது ஏறக்குறைய 65 வாட். 3 ஆம்ப் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் அங்கே கொண்டுபோவதில் லாபமில்லை: வெளிச்சம் அதே விகிதத்தில் கூடாது, வெப்பம் கூடும், 90 வாட் அடாப்டரும் தாங்காது.

2 ஆம்ப்பில் 20 நிமிடம் ஓடவிட்டுத் தட்டின் வெப்பத்தை அளந்து பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் சரி. டிசம்பரில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் அறை 38 டிகிரிக்குப் போகும்போது அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரியும் அப்படியே இங்கே ஏறும்.

5. பேனலைக் கழற்றுதல்

முதலில் கழற்றாமலே டிரைவர் போர்டில் இணைத்து ஓட்டிப் பாருங்கள். செத்த புள்ளி, கோடு ஏதாவது இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம். திறந்த பின் யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

விளிம்பிலுள்ள உலோகச் சட்டத்தின் கொக்கிகளைத் தட்டையான திருகுளியால் ஒவ்வொன்றாக நெம்புங்கள். சட்டம் வந்ததும் உள்ளே இரண்டு பகுதிகள்: மேலே கண்ணாடி, கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் பின்வெளிச்சமும் மூன்று நான்கு தாள்களும். தாள்கள் எல்லாம் ஒதுங்கட்டும். பின்வெளிச்சத்துக்குப் போகும் வயரை வெட்டி முனையில் டேப் சுற்றுங்கள்.

கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் படலத்தை உரிக்காதீர்கள். பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்து அதைப் பிய்ப்பவர்கள் நிறைய. அதுதான் போலரைசர், அது போனால் படமே கிடையாது. சிக்னல் சரியாக வந்தாலும் கண்ணாடி வெறுமையாகவே நிற்கும். உண்மையான பாதுகாப்புப் படலம் என்றால் ஓரத்தில் பிடித்திழுக்க ஒரு வால் இருக்கும், இழுத்தவுடன் எளிதாக வந்துவிடும்.

ரிப்பன் கண்ணாடியோடு சேரும் விளிம்பு இந்த வேலை முழுவதிலும் மிக நொய்மையான இடம். அங்கே கூர்மையாக மடிக்கக் கூடாது, அதைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. கழற்றி முடித்தவுடன் அட்டையில் கண்ணாடியையும் சர்க்யூட் போர்டையும் ஒரே தளத்தில் டேப் போட்டு வைத்துவிடுங்கள். பிறகு திரும்ப இணைத்து, பின்னால் டார்ச் பிடித்துப் படம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பேனலைப் பிடிக்கும் சட்டத்துக்கு 3 மிமீ சன்போர்டு (இலகுவான பிவிசி ஃபோம் தகடு) போதும். கண்ணாடியைச் சுற்றி 1 மிமீ இடைவெளி விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் சூட்டில் விரிய இடமில்லாமல் மூலைகளில் கறை போன்ற நிழல் விழும், சில சமயம் கண்ணாடியே விரிசல் விடும்.

6. பலகையில் அடுக்கிப் பார்த்தல்

இதற்கு ஒரு மாலை நேரம் முழுவதையும் ஒதுக்குங்கள். படத்தின் தரம் தீர்மானமாவது இங்கேதான்.

70 செ.மீ. நீளமுள்ள நேரான பலகையின் ஓரத்தில் அலுமினிய எல் ஆங்கிள் ஒன்றைத் திருகுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் சிறிய மரக்கட்டைக் கால் வைத்து, அது ஆங்கிளை ஒட்டியே நகரும்படி செய்யுங்கள். அப்போது எதை முன்பின் தள்ளினாலும் கோணம் மாறாது. எல்லாவற்றின் மையமும் பலகையிலிருந்து ஒரே உயரத்தில், உதாரணமாக 110 மிமீயில், இருக்க வேண்டும். ஃபிரெனலின் மையம் தாளின் மையத்தில்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வட்டங்களின் நடுப்புள்ளி தெரியும், அதற்கு நேராக ஓரங்களில் குறி வையுங்கள்.

பின்னாலிருந்து வரிசை: எல்இடி, பின் ஃபிரெனல், பேனல், முன் ஃபிரெனல், புரொஜெக்ஷன் லென்ஸ். இரண்டு ஃபிரெனல்களின் சொரசொரப்பான பக்கமும் பேனலைப் பார்க்க வேண்டும், வழுவழுப்பான பக்கம் எல்இடியையும் லென்ஸையும் பார்க்கட்டும். பேனலின் இரு புறமும் வெளிச்சம் இணைகதிராக ஓடுகிறது. வரிப்பள்ளங்கள் அந்தப் பக்கம் இருந்தால்தான் கதிர் சரியாக வளையும். மாற்றி வைத்தால் ஓரங்கள் இருண்டுபோகும்.

முதல் சுற்றில் பேனல் வேண்டாம். பின் ஃபிரெனலுக்கும் முன் ஃபிரெனலுக்கும் நடுவில் 35 மிமீ விட்டு நிறுத்துங்கள். முன் ஃபிரெனலிலிருந்து சுமார் 210 மிமீ தள்ளி, லென்ஸ் வரப்போகும் இடத்தில், வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். 0.3 ஆம்ப்பில் எல்இடியை எரியவிட்டு, அதை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாளில் விழும் வெளிச்சப் பொட்டு மிகச் சிறியதாகவும் வட்டத்துக்கு நெருக்கமாகவும் ஆகும் இடம்தான் சரியான இடம். 44 மிமீ லென்ஸ் எல்இடியைச் சற்றுப் பின்னால் இருப்பதுபோல் காட்டுவதால், எல்இடிக்கும் பின் ஃபிரெனலுக்கும் உள்ள தூரம் 120 மிமீக்குக் குறைவாகவே வரும், பெரும்பாலும் 80 முதல் 110 மிமீக்குள்.

பொட்டு லென்ஸின் விட்டத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காத வெளிச்சம் லென்ஸைச் சுற்றிப் பெட்டியில் பட்டு வீணாவதோடு, திரும்பத் தெறித்துப் படத்தின் கறுப்பை வெளுக்க வைக்கும்.

இப்போது தாளின் இடத்தில் லென்ஸை வைத்து, சுவரில் விழும் வெள்ளைச் செவ்வகத்தைப் பாருங்கள். ஓரம் நீலமாகவோ மஞ்சளாகவோ அடித்தால் எல்இடியின் தூரம் சில மிமீ தவறு. ஒரு பக்கம் மட்டும் இருட்டினால் தூரம் சரிதான், ஏதோ ஒரு மையம் விலகியிருக்கிறது. ஓரம் நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. அதைத் துரத்திக்கொண்டு போனால் இரவு முடிந்துவிடும்.

வெள்ளை சரியாக விழுந்த பிறகே பேனலை உள்ளே வையுங்கள், இரண்டு ஃபிரெனலுக்கும் நடுவில், ஒவ்வொரு பக்கமும் 15 மிமீக்குக் குறையாமல் இடம் விட்டு. கண்ணாடியை ஃபிரெனலோடு ஒட்டி வைத்தால் பேனலின் புள்ளிவரிசையும் ஃபிரெனலின் வட்டங்களும் ஒன்றோடொன்று மோதி அலையலையான கோலம் விழும். காற்று போகவும் அந்த இடம் வேண்டும்.

முன் ஃபிரெனல் ஒரு உருப்பெருக்கி போலவும் சற்று வேலை செய்யும். கணக்கில் வந்ததைவிடப் படம் ஆறேழு சதவீதம் பெரிதாக விழுந்தால் குழம்ப வேண்டாம்.

7. பேனலை எந்தப் பக்கம் திருப்புவது

தலைகீழாக மாட்டினால் போதும் என்று பலரும் சொல்வது பாதி உண்மை. பேனலின் முகத்தை லென்ஸ் பக்கம் வைத்துத் தலைகீழாக்கினால் படம் நிமிரும், ஆனால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். படம் மட்டும் பார்த்தால் இது சட்டென்று கண்ணில் படாது; கிரிக்கெட் ஸ்கோர் வரும்போதுதான் தெரியும்.

சரியான முறை: பேனலின் முகம் எல்இடியைப் பார்க்க வேண்டும், முதுகு லென்ஸைப் பார்க்க வேண்டும், அதோடு தலைகீழாகவும் இருக்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க நடுவில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி வைத்து ஒளியை மடக்கினால் இது மாறும், அப்போது முகம் லென்ஸ் பக்கம். சில டிரைவர் போர்டுகளின் மெனுவில் படத்தைப் புரட்டும் வசதி உண்டு, ஆனால் அதை நம்பிச் சட்டத்தை ஒட்டிவிடாதீர்கள். எழுத்து உள்ள ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்த்துவிட்டே ஒட்டுங்கள்.

8. பேனலுக்குக் காற்று

எல்இடியை எல்லாரும் குளிர்விக்கிறார்கள், பேனலை மறந்துவிடுகிறார்கள். முதல் போலரைசர் மட்டுமே தன்மேல் விழும் வெளிச்சத்தில் பாதியை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தப் பாதி முழுக்க வெப்பம்.

அதிகம் சூடானால் படத்தின் நடுவில் மையைக் கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு பரவும். திரவப் படிகம் அதன் ஒழுங்கை இழந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எல்இடியை அணைத்தால் ஆறியதும் பெரும்பாலும் மீண்டுவிடும். போலரைசர் மஞ்சளாகக் கருகினால் மீளாது.

80 மிமீ ஃபேனைப் பேனலுக்கு நேர் கீழே, மேல்நோக்கி ஊதும்படி வையுங்கள். காற்று கண்ணாடியின் இரண்டு முகத்தையும் தொட்டு மேலே உள்ள திறப்பு வழியாகப் போகட்டும். உள்ளே ஊதும் அமைப்பில் ஃபேன் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி போட்டால் தூசியை அங்கேயே நிறுத்தலாம். வெளியே இழுக்கும் அமைப்பில் பெட்டியின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தூசி வரும், பேனல் மேல் உட்கார்ந்த தூசி திரையில் தெளிவாகத் தெரியும். எல்இடியின் சூடான காற்று இந்த அறைக்கு வரக் கூடாது. பின் ஃபிரெனலையே தடுப்புச் சுவராக்கி, ஹீட் சிங்கின் காற்று பின்பக்கம் வெளியேறட்டும்.

உலோக ஹாலைட் விளக்குக் காலத்து வழிகாட்டிகள் வெப்பம் தடுக்கும் ஐஆர் கண்ணாடி கட்டாயம் என்கும். எல்இடியில் அகச்சிவப்பு மிகக் குறைவு. இங்கே பேனலைச் சூடாக்குவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்தான், அதை அந்தக் கண்ணாடி தடுக்காது. அந்தக் காசை ஃபேனில் போடுங்கள்.

2 ஆம்ப்பில் அரை மணி நேரம் ஓட்டி, பேனலின் நடுவை அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் இடைவெளியைக் கூட்டுங்கள் அல்லது கரண்ட்டை 1.6 ஆம்ப்புக்கு இறக்குங்கள். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று ஃபேனை 9 வோல்ட்டில் ஓட்டுவதென்றால், இந்தச் சோதனையை 9 வோல்ட்டில் செய்யுங்கள்.

9. இப்போது பெட்டி

பலகையில் ஒவ்வொரு பாகமும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்த அளவுகளை அப்படியே 9 மிமீ பிளைவுட்டுக்கு மாற்றுங்கள். உள்ளளவு ஏறக்குறைய 520 × 220 × 220 மிமீ வரும். ரிப்பனும் டிரைவர் போர்டும் நிற்கும் பக்கம் கூடுதலாக 40 மிமீ விடுங்கள்.

உள்ளே முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட். ஃபிரெனல்களை ஒட்டாமல், 3 மிமீ பள்ளத்தில் செருகும்படி வையுங்கள், சுத்தம் செய்ய எடுக்க வேண்டியிருக்கும். மேல் மூடி திருகில் நிற்கட்டும், பசையில் வேண்டாம்.

ஃபோகஸ் குழாய்க்கு 90 மிமீ பிவிசி பைப் பொருந்தும், 80 மிமீ லென்ஸைச் சுற்றி வெல்வெட் துணிப் பட்டை ஒட்டினால் ஆடாது. முன்பலகையில் குழாய்க்கு வெட்டும் ஓட்டையிலும் அதே துணி. வெளிச்சமும் கசியாது, பிடிப்பும் இருக்கும்.

பேனலும் லென்ஸும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் முன்பலகைக்கும் பேனல் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 மிமீக்குள் இருக்கட்டும்.

10. சுவரில் நிறுத்துதல்

புரொஜெக்டரை மேசையில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே அகன்று கீழே குறுகும். இந்தச் சிறிய போர்டுகளில் அதைத் திருத்தும் வசதி அநேகமாக இருக்காது. சாய்க்காமல் லென்ஸை மட்டும் இணையாக உயர்த்துங்கள்: லென்ஸ் 10 மிமீ உயர்ந்தால் 60 அங்குலத் திரையில் படம் ஏறக்குறைய 95 மிமீ மேலே போகும். முன் ஃபிரெனலின் மையத்தையும் அதே அளவு உயர்த்த வேண்டும், இல்லையென்றால் வெளிச்சப் பொட்டு லென்ஸை விட்டு விலகிக் கீழ்ப்பக்கம் இருட்டும். 20 மிமீக்கு மேல் போனால் ஓரத் தெளிவு குறையும். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் ஸ்டூலை உயர்த்துவதே சுலபம்.

கம்ப்யூட்டரிலோ டிவி பாக்ஸிலோ வெளியீட்டைப் பேனலின் சொந்த அளவுக்கே வையுங்கள். 1080 கொடுத்துப் போர்டைச் சுருக்கவிட்டால் சின்ன எழுத்துகள் சிதையும். ஒலியைப் படம் வரும் கருவியிலிருந்தே நேராக ஸ்பீக்கருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

11. படம் சரியில்லை என்றால்

நடு தெளிவு, நான்கு ஓரமும் மங்கல்: லென்ஸின் குறை. லென்ஸுக்கு முன்னால் 60 மிமீ ஓட்டையுள்ள கறுப்பு அட்டையை வைத்தால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். ஒரே ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், பேனல் கோணலாக நிற்கிறது.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது: மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், லென்ஸுக்குள் போகாத வெளிச்சம் எங்கோ தெறிக்கிறது. பேனலின் விளிம்பைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். பாதி வழக்குகள் இதிலேயே தீரும்.

ஃபிரெனலின் வட்டங்கள் சுவரில் தெரிகின்றன: பேனலுக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு மூன்று மிமீயாகத் தள்ளிப் பாருங்கள்.

பத்து நிமிடம் கழித்து வெளிச்சம் தானாக அணைந்து, சற்று நேரத்தில் மீண்டும் எரிகிறது: வெப்ப சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. அதைச் சுற்றி வயர் போட்டுத் தாண்டாதீர்கள். ஃபேன், பேஸ்ட், தட்டின் சமம் என்ற வரிசையில் சோதியுங்கள்.

ஃபிரெனலில் கைரேகை பட்டால் ஸ்பிரிட், தின்னர் எதுவும் கூடாது, அக்ரிலிக் வெளுத்துப்போகும். பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அலசி, துடைக்காமல் நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலர்த்துங்கள்.